நார்த் டகோட்டா சோயாவில் புரதம் ஏன் குறைகிறது: ஒரு நிகழ்வு ஆய்வு

கனடா எல்லையை ஒட்டியிருக்கும் அமெரிக்க மாநிலமான நார்த் டகோட்டாவில் 1990-களின் தொடக்கத்தில் சோயா பயிரான பரப்பு பத்து லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை. 2017-ல் அது 71 லட்சம் ஏக்கர். கோதுமையும் பார்லியும் விளைந்துகொண்டிருந்த ரெட் ரிவர் சமவெளிக்குச் சீக்கிரம் முற்றும் சோயா ரகங்கள் வந்து சேர்ந்தன. சீனாவும் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டது. மணி ரயிலேறி, ராக்கி மலைகளைத் தாண்டி, பசிபிக் கரைத் துறைமுகங்களில் கப்பலேறியது. கூடவே ஒரு முணுமுணுப்பும் கிளம்பியது: வடக்கத்திச் சரக்கில் புரதம் பத்தவில்லை.

முணுமுணுப்பில் உண்மை இருக்கிறது. அமெரிக்க விவசாயிகளிடமிருந்து மணி மாதிரிகளை வாங்கி, புரதமும் எண்ணெயும் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கெடுப்பு 1986 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 13 சதவீத ஈரப்பதத்தில் நாட்டின் சராசரி, கிட்டத்தட்ட 35 சதவீதப் புரதம், 19 சதவீத எண்ணெய்; அண்மை ஆண்டுகளில் புரதம் 34-ஐ ஒட்டி நிற்கிறது. வடக்கு, மேற்கு மாநிலங்களின் மணியில் தெற்கத்தி மணியைவிட ஒன்றரை முதல் இரண்டு சதவீதப் புள்ளி புரதம் குறைவு என்பது 1990 வாக்கிலேயே பதிவாகிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு எண்கள் ஏறி இறங்கும். வரைபடத்தில் அந்தச் சாய்வு மட்டும் மாறுவதில்லை.

இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். ஆலைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். 100 கிலோ மணியில் ஈரம் 13, எண்ணெய் 19, புரதம் 35 என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயை எடுத்து, தோலில் 6 கிலோவை நீக்கினால் (தோலோடு போகும் புரதம் அரைக் கிலோ சொச்சம்) மிஞ்சும் உலர்பொருள் 62 கிலோ. அதைப் புண்ணாக்கின் வழக்கமான 12 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 70.5 கிலோ, அதில் புரதம் 34.4 கிலோ. ஏறத்தாழ 48.8 சதவீதம். ‘48 புரோட்டீன்’ என்று வியாபாரத்தில் சொல்லும் சரக்கு தாராளமாகத் தயார். இப்போது அதே ஆலையில் புரதம் 33, எண்ணெய் 18.5 உள்ள மணியைப் போடுங்கள். எண்ணெய் குறைந்த அளவுக்கு மாவுப்பொருளும் நாரும் இடம் பிடித்திருக்கும். புண்ணாக்கு 71 கிலோ, புரதம் 32.4 கிலோ, அதாவது 45.6 சதவீதம். மணியில் இரண்டு புள்ளி இறங்கியது புண்ணாக்கில் மூன்று புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது. இன்னும் எவ்வளவு தோலை உரித்தாலும் 47.5-ஐத் தொடுவது பெரும்பாடு. கோழித்தீவனத்துக்கு லோடு எடுக்கும் நாமக்கல் ஆலைக்காரருக்கு இந்த மூன்று புள்ளியின் விலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வினோதம் என்னவென்றால், அமெரிக்க அரசின் சோயா தர நிர்ணயத்தில் புரதத்துக்கு இடமே இல்லை. உடைந்த மணி, கருகிய மணி, அயல் பொருள் போன்றவற்றை வைத்துத்தான் ‘நம்பர் 1’, ‘நம்பர் 2’. புரதமும் எண்ணெயும் கேட்டால் மட்டும் பார்த்துச் சொல்லும் சங்கதிகள். விவசாயிக்குக் காசு புஷல் என்ற அளவைக் கணக்கில், அதாவது எவ்வளவு விளைந்தது என்று பார்த்து. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பாதி விடை இங்கேயே இருக்கிறது.

ரகமா, மண்ணா, வானிலையா

முதல் சந்தேகம் ரகத்தின் மேல்தான் விழுந்தது. அதிலும் நியாயம் உண்டு. சோயாவில் மகசூலும் புரதமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். 20-ஆம் குரோமோசோமில் புரதத்தைத் தூக்கிவிடும் மரபணு மாற்றம் ஒன்று நெடுநாளாகத் தெரிந்ததே. அதை ஏற்றினால் பெரும்பாலும் எண்ணெய் இறங்குகிறது, மகசூலும் கொஞ்சம் அடிபடுகிறது. 1920-கள் தொட்டு வெளியான அமெரிக்க ரகங்களை ஒரே வயலில் பக்கம் பக்கமாக வளர்த்தபோது, மகசூல் ஏற ஏறப் புரதம் மெல்ல இறங்கி வந்திருப்பதும் தெரிந்தது. ஆனால் இந்தச் சரிவு வடக்குக்கு மட்டும் உரியதல்ல. தெற்கிலும் இதே கதைதான்.

ஒரே ரகத்தை இரண்டு இடத்திலும் விதைத்துப் பார்த்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். சோயாவில் அது நடக்காது. பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பூக்கும் பயிர் இது. எவ்வளவு சீக்கிரம் முற்றும் என்பதை வைத்து ரகங்களை முதிர்வுக் குழுக்களாகப் பிரிப்பார்கள்; எண் சிறிதானால் சீக்கிரம் முற்றும். நார்த் டகோட்டாவுக்கு 00, 0 குழுக்கள். தெற்கே மிசிசிப்பி டெல்டாவுக்கு 4, 5. வடக்கத்தி ரகத்தைத் தெற்கே விதைத்தால் முழங்கால் உயரத்திலேயே பூத்து ஓய்ந்துவிடும். தெற்கத்தி ரகம் வடக்கே காய் முற்றுவதற்குள் உறைபனியில் மாட்டும். ஆகவே ஊரையும் ரகத்தையும் பிரித்துப் பார்க்க வயலைவிட்டு வெப்பநிலை கட்டுப்படுத்திய அறைக்குள் போக வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு செடியை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ரகம் ஒன்று, மண் ஒன்று, மழை ஒன்று என்று எல்லாமே ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். இலினாய் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட வேலை இது. முற்றிய செடியின் உச்சிக் கணுக்களில் பிடித்த மணியைத் தனியாகவும், அடிக் கணுக்களில் பிடித்ததைத் தனியாகவும் உதிர்த்துச் சோதித்தார்கள். உச்சி மணியில் புரதம் கூடுதல், எண்ணெய் குறைவு. அடி மணியில் எண்ணெய் கூடுதல். இரும்பு, மக்னீசியம், தாமிரம் ஆகியவையும் கூடுதல். ஒரே தாயின் மணிகள், ஒரே நாளில் அறுத்தவை. எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில், எப்போது பிடித்தது என்பதே சத்தை இவ்வளவு மாற்றுகிறது என்றால், 1,500 கிலோமீட்டர் தள்ளி விளைந்த இரண்டு லோடுகளை ‘சோயா’ என்று ஒரே பெயரில் விற்பது எவ்வளவு தளர்வான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகப் பிடித்த சோதனை இதுதான்.

மணி பிடிக்கும் அந்த நாற்பது நாள்

சோயா மணியின் சத்து பெரும்பாலும் மணி பருக்கத் தொடங்கியதிலிருந்து காய் மஞ்சளாகும் வரையிலான முப்பது நாற்பது நாளில் முடிவாகிறது. நார்த் டகோட்டாவின் ஃபார்கோ நகர வட்டாரத்தில் அந்த நாட்கள் ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஆகஸ்டின் சராசரி வெப்பம் 20, 21 டிகிரி. செப்டம்பரில் 15, 16-க்கு இறங்கிவிடும். மிசிசிப்பியில் அதே பருவத்தில் 27-ஐ ஒட்டி இருக்கும்.

வெப்பம் என்ன செய்கிறது என்பதை 1982-ல் வந்த கட்டுப்பாட்டு அறைச் சோதனை ஒன்று காட்டியது. பகல் 18, இரவு 13 டிகிரியில் தொடங்கி, பகல் 33, இரவு 28 வரை படிப்படியாக ஏற்றினார்கள். வெப்பம் ஏறியபோது எண்ணெய் ஏறியது. உச்ச வெப்பத்தில் புரதமும் ஏறியது. 15 டிகிரி ஏற்றத்துக்குச் சுக்ரோஸ் 56 சதவீதம் சரிந்தது. எண்ணெயின் உள்ளமைப்பும் மாறியது: அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில், வெப்பத்தில் ஒலீயிக் அமிலம் கூடி, லினோலீயிக்கும் லினோலெனிக்கும் குறைந்தன. குளிரில் இதற்கு நேர்மாறு. பின்னால் வந்த வேலைகள் எண்ணெயின் உச்சம் சராசரி 28 டிகிரி வாக்கில் என்றன. அதற்கு மேலே போனால் எண்ணெய் இறங்கிப் புரதம் ஏறுகிறது.

ஆகவே ‘புரதம் குறைந்தால் எண்ணெய் கூடும்’ என்ற பொது விதியை வடக்கே அப்படியே பொருத்த முடியாது. ஒரே இடத்தில் ரகத்துக்கு ரகம் ஒப்பிட்டால் அந்த விதி செல்லும். குளிரோ இரண்டையும் சேர்த்து அமுக்கி, மிச்சத்தைச் சர்க்கரைக்கும் மாவுக்கும் நாருக்கும் விட்டுவிடுகிறது. மேலே போட்ட ஆலைக் கணக்கில் எண்ணெயையும் அரைப் புள்ளி குறைத்தது இதற்காகத்தான்.

அடுத்தது நைட்ரஜன். ஒரு டன் சோயா விளைய, பயிர் ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜனை எடுக்கிறது. வேறெந்தத் தானியமும் இவ்வளவு கேட்பதில்லை. இதில் பாதிக்கு மேல் வேர்முடிச்சில் குடியிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருவது, மீதி மண்ணிலிருந்து. மணி பருக்கும்போது அன்றாட வரவு போதாமல், செடி தன் இலைகளில் சேர்த்த நைட்ரஜனைக் கழற்றி மணிக்கு அனுப்பத் தொடங்கும். 1970-களில் சின்க்ளேர், டி விட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைச் செடி தன்னையே அழித்துக்கொண்டு மணியை நிரப்புவதாக விளக்கினார்கள். சோயா இலை சட்டென்று மஞ்சளாகிக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் மிகையாகத் தெரியாது. வடக்கே பருவம் சின்னது. இலையில் சேமிப்பும் அதற்கேற்பத்தான். மணி நிறையும் நேரம் மண் குளிர்ந்து, முடிச்சின் வேலையும் சுணங்குகிறது. மாவுப்பொருள் வந்துகொண்டே இருக்க, நைட்ரஜன் பின்தங்கினால் மணி பருமனாக இருக்கும், புரதம் இளைத்திருக்கும்.

யூரியா போட்டால் தீராதா? காய் பிடிக்கும் பருவத்தில் நைட்ரஜன் உரம் போட்டுப் பார்த்த சோதனைகள் அமெரிக்கா முழுவதும் நிறைய. புரதம் சில இடங்களில் கொஞ்சம் ஏறியது, பல இடங்களில் ஏறவே இல்லை. உரச்செலவைத் திருப்பித் தருவது அரிது. உரம் கண்டால் முடிச்சுகள் வேலையைக் குறைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை.

வறட்சி தரும் ‘நல்ல’ புரதம்

சோயாவில் வறட்சி வந்த ஆண்டில் புரத எண் ஏறுவதுண்டு. 1992-ல் டோர்ன்பாஸ், மல்லன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், மணி நிறையும் பருவத்தில் கடும் வறட்சி கொடுத்தபோது புரதம் 4.4 புள்ளி ஏறியது, எண்ணெய் 2.9 புள்ளி இறங்கியது. 29 டிகிரிக்குப் பதில் 35 டிகிரியில் வளர்த்தபோதும் புரதம் 4 புள்ளி ஏற்றம், எண்ணெய் 2.6 புள்ளி இறக்கம்.

இதைப் பார்த்து வறட்சி புரதத்தை உண்டாக்குகிறது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிகிராமில் பாருங்கள். கணக்குக்காக, 160 மில்லிகிராம் மணியில் புரதம் 56, எண்ணெய் 30 மில்லிகிராம் என்று வைப்போம்: 35 சதவீதப் புரதம். தண்ணீர் இல்லாமல் மணி 120 மில்லிகிராமில் நின்றுவிட்டது, புரதம் 46, எண்ணெய் 21. இப்போது புரதம் 38 சதவீதம்! ஆனால் மணிக்கு மணி பத்து மில்லிகிராம் புரதம் குறைந்திருக்கிறது; ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் இழப்பு இன்னும் பெரிது. இலையிலிருந்து இறங்கும் நைட்ரஜன் எப்படியோ வந்துவிடுகிறது. அன்றன்றைய ஒளிச்சேர்க்கையை நம்பியிருக்கும் எண்ணெயும் மாவும்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. வறட்சி முன்கூட்டியே வந்து வேர்முடிச்சைக் காயவிட்டால் புரத எண்கூட ஏறாது. சோயா முடிச்சு தண்ணீர்ப் பஞ்சத்தைத் தாங்காத ஜீவன்.

மத்தியப் பிரதேச மாளவப் பீடபூமியின் சோயாவையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். ஜூன் கடைசியில் மழையை நம்பி விதைப்பு, வெதுவெதுப்பான ஆகஸ்டு, செப்டம்பரில் மணி நிறைவு, ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டிய மகசூல். உலர் எடையில் புரதம் 40 சதவீதத்தை ஒட்டி; மேலே சொன்ன 13 சதவீத ஈரக் கணக்கில் அது 35-ஐ ஒட்டித்தான். அமெரிக்கச் சராசரி மகசூல் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். நம் மணியில் புரதம் அதிகம் என்று பெருமைப்படும்போது இந்த மகசூல் எண்ணையும் பக்கத்தில் வைப்பது நியாயம்.

எண் ஏறினால் தரம் ஏறிவிடுமா

இதுவரை ‘புரதம்’ என்றதெல்லாம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. கோழியும் பன்றியும் சாப்பிடுவது அந்த எண்ணை அல்ல. லைசின், மெத்தியோனின், சிஸ்டீன், த்ரியோனின், ட்ரிப்டோபன் போன்ற அமினோ அமிலங்களை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் ஆண்டுதோறும் மணிகளை இப்படிப் பிரித்துப் பார்த்ததில், புரதம் குறைந்த மணிகளில் இந்த ஐந்தின் பங்கு, மொத்தப் புரதத்தில் பார்த்தால், கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. புரத எண் ஏறும்போது கூடுதலாக வந்து சேர்வது பெரும்பாலும் ஆர்ஜினினும் குளுட்டாமிக் அமிலமும். வடக்கத்தி விவசாய அமைப்புகள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்குபவர்களிடம் வாதாடின. சரக்கை விற்பவரின் வாதம்தான். ஆனாலும் வேதியியல் அவர்கள் பக்கம். ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும்: பங்கு கூடுகிறதே தவிர, ஒரு டன் மணியில் மொத்த லைசின் புரதம் மிகுந்த மணியில்தான் அதிகம். இடைவெளி புரத எண் காட்டும் அளவுக்கு அகலமில்லை என்பதே சரியான வாசகம்.

இங்கே சல்ஃபரையும் பேச வேண்டும். சோயாவின் சேமிப்புப் புரதம் இரண்டு பெரிய குடும்பம்: கிளைசினின், பீட்டா-கான்கிளைசினின். சல்ஃபர் உள்ள மெத்தியோனினும் சிஸ்டீனும் முதலாவதில் ஓரளவு உண்டு. இரண்டாவதன் ‘பீட்டா’ துணை அலகில் கிட்டத்தட்ட இல்லை. மண்ணில் சல்ஃபர் பற்றாமல் நைட்ரஜன் மட்டும் தாராளமாக இருந்தால், செடி சல்ஃபர் தேவைப்படாத அந்தப் பீட்டா அலகைக் குவித்து மணியை நிரப்புகிறது. ஆய்வகச் சீட்டில் புரதம் அமோகம்; தீவனத்தில் மெத்தியோனின் பஞ்சம். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கோழித்தீவனத்தில் முதலில் தட்டுப்படுவதே மெத்தியோனின்தான்.

அமெரிக்கப் பயிர்களுக்கு நெடுங்காலம் நிலக்கரி மின்நிலையங்களின் புகை இலவசமாக சல்ஃபர் போட்டுக்கொண்டிருந்தது. 1990-ல் காற்று மாசுச் சட்டம் இறுக்கப்பட்ட பிறகு மழையோடு இறங்கும் சல்ஃபர் பெருமளவு குறைந்தது. காற்று சுத்தமானது நல்லதே. ஆனால் மணற்பாங்கான, மக்கு குறைந்த நிலங்களில் சோயாவுக்கு சல்ஃபர் பற்றாக்குறை இப்போது கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. வடக்கின் கரிசல்போன்ற மக்கு நிறைந்த நிலங்களில் இந்தத் தொல்லை குறைவு.

தாதுக்களைப் பற்றிச் சுருக்கமாக. காற்றில் கார்பன் டைஆக்சைடை 550 பிபிஎம் (பத்து லட்சத்தில் 550 பங்கு) வாக்கில் ஏற்றி திறந்தவெளியில் பயிர் வளர்த்த சோதனைகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வில், சோயா மணியில் துத்தநாகம் 5.1 சதவீதமும் இரும்பு 4.1 சதவீதமும் குறைந்தன. கோதுமை, அரிசியில் புரதமும் சேர்ந்து இறங்கியது. தனக்கான நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்வதால் சோயாவின் புரதம் பெரிதாக அசையவில்லை.

குளிரால் கிடைத்ததும் உண்டு

குளிரில் ஐசோஃப்ளேவோன் என்ற தாவரச் சேர்மம் கூடுகிறது. மணி நிறையும்போது வெப்பம் ஏறினால் அது பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு. சுக்ரோஸும் குளிரில்தான் கூடுதல். சோயாபாலிலும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் நாட்டோவிலும் இனிப்பு தேவைப்படும் ஜப்பானிய உணவு ஆலைகள் நார்த் டகோட்டா, மினசோட்டா வயல்களோடு ஒப்பந்தம் போட்டு, சிறுமணி நாட்டோ ரகத்தையும் டோஃபு ரகத்தையும் தனியாக வளர்த்துத் தனிப் பெட்டகத்தில் வாங்கிப் போகின்றன. டோஃபுவுக்குப் புரதமும் வேண்டும் என்பதால் ரகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று கூடுதல் விலையும் கொடுக்கிறார்கள். காசு கொடுத்தால் வடக்கிலும் புரதம் விளையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

தீவனச் சந்தையில் அந்தக் காசு இல்லை. மணியில் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி அளக்கும் என்ஐஆர் கருவி ஒரு நிமிடத்தில் புரதம் சொல்லிவிடும். ஆனால் அறுவடை நெருக்கடியில், கொள்முதல் கிடங்கின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, 36 ஒரு குழியில் 33 இன்னொரு குழியில் என்று பிரித்துக்கொட்ட யாருக்கும் இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. எல்லாம் ஒரே குழியில் கலந்து சராசரியாகிறது. துறைமுகத்தில் வாங்குபவர் அந்தச் சராசரியைப் பார்த்து விலையைக் குறைத்துக் கழிவு போடுகிறார். கழிவு விலையில் இறங்கி வட்டாரம் முழுவதற்கும் பரவுகிறது; புரதமுள்ள ரகத்தைத் தேடி விதைத்தவருக்கும் அதே விலைதான். இரண்டு புஷல் மகசூலை விட்டுக்கொடுத்துப் புரதத்தை ஏற்றும் விவசாயி, பக்கத்துக்காரருக்கு மானியம் தருகிறார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் மகசூல் ரகத்தைத்தான் விதைப்பேன்.

2018 ஜூலையில் சீனா 25 சதவீத வரி போட்டதும் பசிபிக் கரை ரயில்கள் ஓய்ந்தன. நார்த் டகோட்டா அளவுக்கு அந்த ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த மாநிலம் குறைவு. தென்கிழக்கு ஆசியாவில் ஆள் தேடியபோது, அங்கே புண்ணாக்காகவே வாங்குபவர்கள் அதிகம். புரதக் கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது. உள்ளூரிலேயே ஆட்டுவது என்ற முடிவு அதன் பிறகு வேகமெடுத்தது. 2023-ல் ஸ்பிரிட்வுட்டிலும், 2024-ல் கேசல்டனிலும் பெரிய ஆலைகள் திறந்தன.

ஸ்பிரிட்வுட் ஆலையின் எண்ணெய் டிக்கின்சன் நகரத்தில் டீசலாகிறது. குளிரில் விளைந்த எண்ணெயில் லினோலெனிக் கூடுதல் என்பதால் சமையலுக்கு அது சீக்கிரம் காறும். ஹைட்ரஜன் ஏற்றி டீசலாக்குபவருக்கு அந்தக் கவலை இல்லை, கொஞ்சம் ஹைட்ரஜன் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது எண்ணெயின் அளவு. உணவு ரகங்களை விட்டுவிட்டால், வடக்கத்தி மணிக்கு முதன்முறையாக உள்ளேயிருக்கும் சரக்கைப் பார்த்து விலை வைக்கும் ஆள் பக்கத்திலேயே வந்திருக்கிறார். அவர் பார்ப்பது புரதத்தை அல்ல. ரகம் உருவாக்குபவர்கள் காசு வரும் பக்கம்தான் ரகத்தைத் திருப்புவார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த வட்டாரத்தில் எண்ணெய் அரைப் புள்ளி, ஒரு புள்ளி ஏறி, புரதம் இன்னும் இறங்கினால், அதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.